காணாமற்போன வட்டுகள்

மும்பை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த தாணே, டோம்பிவிலி, நவி மும்பைப் பகுதிகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், இரவு எட்டரை மணிக்குச் சாப்பாட்டு டப்பாவுடன் புறப்பட்டு மறுநாள் காலையில் வீடு திரும்பும் பிள்ளை ஒருவரோ பெண் ஒருவரோ உண்டு. என்ன வேலை என்று ஊரிலிருந்து வந்த உறவினர் வினவினால், "கம்ப்யூட்டர் வேலை" என்று விடை கூறி வீட்டார் முடித்துவிடுவர். அதற்கு மேல் கேட்கவும் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. சங்கத்துப் பெரியவர் ஒருவர் இது குறித்து எழுதுமாறு எங்களைப் பணித்தபோது, எழுதத்தக்கது இதில் என்ன இருக்கிறது என்று முதலில் தயங்கினோம். பிறகு 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்து இரவொன்று நினைவுக்கு வந்தது. ஊரிலிருந்து வந்து மூன்று மாதங்கூட ஆகாத ஓர் இளைஞருடைய பிழைப்பு அன்றிரவு ஊசலாடியது. அதனைச் சொல்வதானால் வேலையையும் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் மூவர். ஒருவர் தஞ்சை மாவட்டத்தார், ஒருவர் நாகர்கோயிலார், மூன்றாமவர் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஐரோலியிலிருந்து மஹாபே வரை நீளும் தொழிற்பேட்டையில் தரவு மையங்கள் எனப்படும் கட்டடங்கள் பல எழுந்துள்ளன. அவற்றுள் ஒன்றில் சேமிப்பு வலையைக் கண்காணிப்பது எங்கள் தொழில். சன்னல் இல்லாத கூடம். வரிசை வரிசையாக ஆளுயர இரும்பு அடுக்குகள். இடைவிடாத மின்விசிறி இரைச்சல். மும்பையில் கம்பளிச் சட்டைக்கு ஆண்டு முழுவதும் வேலையிருக்கும் இடம் அதுதான்.

சேமிப்பு வலை என்பதைத் தொழிலில் உள்ளோர் 'ஸான்' என்று சுருக்கிச் சொல்வர். வீட்டிலுள்ள கணினிக்கு அதன் வட்டு அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. நூற்றுக்கணக்கான சர்வர்கள் உள்ள இடத்தில் அவ்வாறு வைத்தால், ஒன்றில் இடம் போதாமலும் இன்னொன்றில் இடம் வீணாகவும் கிடக்கும். வீட்டுக்கு வீடு கிணறு தோண்டுவதைவிட ஊருக்குப் பொதுவாக நீர்த்தொட்டி கட்டிக் குழாய் போடுவது போல, வட்டுகளையெல்லாம் ஒரு பெரிய பெட்டியில் திரட்டி வைத்து, வேண்டிய சர்வருக்கு வேண்டிய அளவு பங்கிட்டுக் கொடுப்பதே இந்த ஏற்பாடு. அவ்வாறு பிரித்துக் கொடுக்கும் பங்குக்கு 'லன்' என்று பெயர். சர்வருக்கு அது தன் சொந்த வட்டாகவே தோன்றும். பத்தடிக்கோ நூறடிக்கோ அப்பால் வேறொரு பெட்டியில் அது இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது.

நடுவில் உள்ள குழாய்தான் கண்ணாடி இழை. அதன் வழியே ஓடுவது ஒளி. ஒளியை வளைந்த கண்ணாடி இழைக் கற்றையின் வழியே கொண்டு செல்லலாம் என்பதை 1954இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்ட இருவருள் ஒருவர், பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. அயல்நாடு சென்று உழைத்த அவருக்கு, மறைவுக்குப் பின்னர் 2021இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே பெயரை மட்டும் சொல்லிச் செல்கிறோம். எங்கள் கூடத்தில் உள்ள இழையில் ஒளி ஓடும் நடுப்பகுதியின் விட்டம் 50 மைக்ரான். தலைமயிரின் பருமனைவிடக் குறைவு என்று கொள்ளலாம். அந்த ஒளியின் அலைநீளம் 850 நானோமீட்டர் ஆதலால் அது கண்ணுக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காக இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கலாகாது என்பது இங்கே வேலைக்குச் சேரும் எவருக்கும் முதல்நாள் சொல்லப்படும் பாடம்.

இந்த வலையில் ஒரு சர்வர் தன் வட்டைக் கண்டுகொள்வது எப்படி என்பதைக் குடிபெயர்ந்து வாழும் நம்மவர்க்கு விளக்குவது எளிது. ஊரிலிருந்து ஒருவர் வந்து இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வாயிற்காவலர் அவரை உள்ளே விட வேண்டும். பிறகு அலுவலகப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். யார் யாரைச் சந்திக்க இசைவு உண்டு என்னும் பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டும். கடைசியாக, அவருக்குரிய அறையின் சாவி அவர் பெயருக்கு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்நான்கில் எது தவறினாலும் மனிதர் கையில் பெட்டியுடன் நடையில் நிற்பார்.

ஸான் வலையிலும் முறை இதுவே. சர்வரில் செருகப்பட்டுள்ள அட்டையை 'ஹெச்.பி.ஏ.' என்பர். அது முதலில் ஸ்விட்சுடன் ஒளியால் தொடர்பு கொண்டு உள்நுழைகிறது. உடனே ஸ்விட்ச் அதற்கு 24 பிட் நீளமுள்ள ஒரு முகவரி தருகிறது. பிறகு அட்டை, ஸ்விட்சிலுள்ள பெயர்ப் பதிவாளரிடம் தன் பெயரைப் பதிந்து கொள்கிறது. 'சோன்' எனப்படும் பட்டியலில் அதன் பெயரும் வட்டுப் பெட்டியின் பெயரும் ஒருங்கே இருந்தால் மட்டுமே இரண்டும் ஒன்றையொன்று காண இயலும். இதற்கும் மேலாக வட்டுப் பெட்டி தானும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இன்ன பெயருடைய அட்டைக்கு இன்ன லன் என்று அதில் எழுதியிருக்கும். முகவரி இடத்தைப் பொறுத்தது. கேபிளை வேறு துளைக்கு மாற்றினால் முகவரியும் பெரும்பாலும் மாறிவிடும். பெயரோ பிறப்பிலேயே பொறிக்கப்பட்டது. உலகளாவிய பெயர் என்னும் பொருளில் அதனை 'டபிள்யூ.டபிள்யூ.என்.' என்பர். 64 பிட் நீளமுள்ள அப்பெயரை, எண்களும் சில எழுத்துகளும் கலந்த 16 இலக்கங்களாக எழுதுவது வழக்கம். ஊர் மாறினாலும் பெயர் மாறாது. நம் கதையும் அதுதானே?

ஆனால் அட்டையே மாறினால் பெயரும் மாறிவிடும். அன்றிரவின் துன்பத்தில் பாதி அதிலிருந்து வந்தது.

எங்கள் மையத்தில் இடம் வாடகைக்குக் கொண்டிருந்த ஒரு மருத்துவமனை, நோயாளிகளின் ஸ்கேன் படங்களை ஒரு சர்வரில் வைத்திருந்தது. அந்தச் சர்வரில் இரண்டு அட்டைகள். முதல் அட்டை 'அ' வலையிலும் இரண்டாம் அட்டை 'ஆ' வலையிலும் இணைந்திருந்தன. ஒவ்வொரு வலையிலும் வட்டுப் பெட்டிக்கு இரண்டு வழிகள் வீதம் ஆக நான்கு வழிகள். ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. முதல் அட்டை அவ்வப்போது தானே நின்று தானே எழுவதாகப் பதிவேட்டில் குறிப்புகள் விழுந்தன. ஆகவே அதனை மாற்றிவிடுவதென்று முடிவாயிற்று. மாற்றும் பணிக்கு ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் சார்பில் வந்தவர்தான் நாம் சொன்ன இளைஞர். திருநெல்வேலிப் பக்கத்தவர். பட்டயப்படிப்பு முடித்துவிட்டு அவ்வாண்டு மே மாதந்தான் மும்பைக்கு வந்திருந்தார். கன்சோலியில் நான்கு பேருடன் ஓர் அறையில் தங்கி, சம்பளத்தில் பெரும்பகுதியை ஊரிலுள்ள தாயாருக்கு அனுப்பி வந்தார். எங்களை "அண்ணாச்சி" என்று அழைப்பார்.

இரவு 11 மணிக்குச் சர்வரை முறைப்படி நிறுத்தி, பழைய அட்டையைக் கழற்றி, புதியதைச் செருகி, 11:40க்கு மீண்டும் இயக்கினார். வட்டுகள் தெரிந்தன, மருத்துவமனையின் நிரலும் ஓடத் தொடங்கியது. தொலைவிலிருந்து சர்வரைக் கவனித்தவர்கள், பணி நிறைவு என்று குறித்து விடைபெற்றனர். வழிகள் நான்கா இரண்டா என்று எண்ணிப் பார்க்கும் கட்டாயம் அவர்களுடைய நடைமுறையில் இல்லை. எங்கள் கண்காணிப்பும் ஸ்விட்சுகளோடும் வட்டுப் பெட்டியோடும் முடிவது. சர்வருக்குள் என்ன தெரிகிறது என்பது எங்கள் திரைக்கு வராது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரயில்கள் நின்றுவிட்டமையால் இளைஞரும் வீடு செல்லாமல் எங்கள் அறையிலேயே தங்கினார். கொண்டு வந்திருந்த சப்பாத்தியைப் பகிர்ந்து உண்டோம்.

1:40க்குத் தொலைபேசி அலறியது. வட்டுகள் அனைத்தும் காணாமற்போயின என்றார்கள்.

வட்டுகள் எங்கும் போய்விடவில்லை. பெட்டிக்குள் நலமாகவே இருந்தன. சர்வரின் பார்வையிலிருந்து மறைந்துவிட்டன என்பதே உண்மை. ஆனால் மருத்துவமனையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றே. அவசரப் பிரிவில் விபத்தில் அடிபட்ட ஒருவர் இருந்தார். அன்று மாலை எடுத்த படங்களைப் பார்த்து அறுவை மருத்துவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஸ்கேன் கருவியிலேயே சிறிது காலத்துக்குப் படங்கள் தங்கியிருக்கும் என்பதால், மருத்துவர் மாடியிறங்கிச் சென்று கருவியின் திரையிலேயே பார்த்துக்கொண்டார் என்று பின்னர் அறிந்தோம். அப்போது அது எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் கழிந்த அந்த அரைமணி நேரத்தை இன்று நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது.

மேலதிகாரி ஒருவர் வீட்டிலிருந்து தொலைபேசியில் வந்தார். அவர் கேட்ட முதல் வினா, "கடைசியாகக் கை வைத்தவன் யார்?" என்பது. இரண்டாவதாக ஓர் ஆணை பிறப்பித்தார்: "ஸ்விட்சை அணைத்துப் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்."

அணைத்துப் போடுவது சில வேளைகளில் பயன் தருவதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஸ்விட்சில் வேறு பலருடைய நாற்பது சர்வர்களும் தொங்கிக்கொண்டிருந்தன. அன்றியும், ஒவ்வொரு துளையிலும் எத்தனை பிழைகள் நேர்ந்தன என்று ஸ்விட்ச் எண்ணி வைத்திருக்கும் கணக்கு, அணைத்த நொடியில் அழிந்துபோகும். நோயாளியின் நாடி பார்ப்பதற்கு முன் உடுப்பைத் துவைக்கப் போடுவது போன்றது இது. இருபது நிமிடம் அவகாசம் தருமாறு வேண்டினோம். எங்களுள் மூத்தவர் பேச்சைத் தொடர்ந்துகொண்டிருக்க, மற்றொருவர் அந்தச் சர்வருக்குரிய இரு துளைகளின் கணக்கையும் மணி நிமிடத்துடன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். திரையைக் காகிதத்தில் பெயர்க்கும் இந்தப் பழக்கத்தைப் பார்த்து இக்காலத்துப் பிள்ளைகள் நகைப்பதுண்டு. நகைக்கட்டும்.

இளைஞர் சுவரோரமாக நின்றார். முகம் வெளிறியிருந்தது. "அண்ணாச்சி, நான் செருகினது சரிதானான்னு ஒருதரம் பாத்துச் சொல்லுங்க. கேபிள் முனையெல்லாம் துடைச்சுத்தான் செருகினேன்" என்றார்.

"பார்ப்போம் தம்பி. நீங்கள் கழற்றிய பழைய அட்டையை எங்கே வைத்தீர்கள்?" என்றோம்.

வந்த பெட்டியிலேயே போட்டுக் கட்டி வைத்திருந்தார். நல்லதாயிற்று.

இத்தகைய வேளையில் கீழிருந்து மேலாகப் பார்த்துச் செல்வது எங்கள் வழக்கம். ஒளி வருகிறதா? வந்தால், உள்நுழைவு நடந்ததா? நடந்தால், பெயர் பதிவாயிற்றா? பதிவானால், சோனில் இருக்கிறதா? இருந்தால், வட்டுப் பெட்டி ஏற்றுக்கொண்டதா? ஏற்றுக்கொண்டால், சர்வர் மீண்டும் தேடிப் பார்த்ததா? ஒரு படியில் விடை கிடைக்காமல் அடுத்த படிக்குத் தாவுகிறவர் விடியும்வரை தாவிக்கொண்டிருப்பார்.

'அ' வலையில் பார்த்தோம். ஒளி நன்றாக வந்தது. உள்நுழைவு நடந்திருந்தது. பதிவேட்டில் பெயரும் இருந்தது. இளைஞர் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை என்பதற்கு அதுவே சான்று. சோனைத் திறந்தோம். அதிலும் அந்தப் பெயர் இருப்பதாகவே முதற்பார்வையில் தோன்றியது. இங்கேதான் கண் ஏமாற்றும். ஒரே நிறுவனத்தின் ஒரே வகை அட்டைகள் ஆதலால், பெயரின் முதல் 10 இலக்கங்கள் பழையதற்கும் புதியதற்கும் ஒன்றே. கடைசி ஆறில்தான் வேற்றுமை. பழைய அட்டையின் மேல் ஒட்டியிருந்த சீட்டை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சோனில் உள்ளதோடு ஒப்பிட்டார். பதினாறும் பொருந்தின. சோனில் இருந்தது பழைய அட்டையின் பெயர்! வட்டுப் பெட்டியின் பட்டியலிலும் பழைய பெயரே இருந்தது. புதிய அட்டை வாயிலைக் கடந்து, பதிவேட்டிலும் ஏறி, சந்திக்க ஒருவருமின்றி இரண்டு மணி நேரமாக நடையில் நின்றுகொண்டிருந்தது.

சோனில் அட்டையின் பெயரை எழுதாமல் ஸ்விட்சின் துளை எண்ணை எழுதி வைத்தால் இத்தொல்லை இராது என்று வாதிப்போர் உண்டு. ஓரளவு மெய்தான். ஆனால் அப்போது கேபிளை அடுத்த துளைக்கு மாற்றினாலே உறவு அறுந்துவிடும். வட்டுப் பெட்டியின் பட்டியலோ எப்படியும் பெயரைத்தான் கேட்கும். எங்கள் ஓட்டு பெயருக்கே. வீட்டு எண்ணை வைத்து மனிதரை அறிவது வாடகைக் குடியிருப்போர்க்கு ஒத்துவராது.

மாற்றம் செய்ய உரியவரிடம் தொலைபேசியிலேயே இசைவு பெற்றோம். சோனில் புதிய பெயரை எழுதி, அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தோம். எழுதிச் சேமித்தால் மட்டும் போதாது. 'இனி இதுவே செல்லும்' என்று தனியாக ஆணையிட வேண்டும். அதைச் செய்யாமல் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவர் கதைகள் இத்தொழிலில் ஏராளம். வட்டுப் பெட்டியிலும் பெயரைச் சேர்த்தோம். சர்வரை மீண்டும் தேடச் சொன்னதும், 2:25க்கு இரண்டு வழிகள் உயிர்பெற்றன. வட்டுகள் தெரிந்தன. மருத்துவமனையிலிருந்து படங்கள் வருகின்றன என்று செய்தி வந்தது. இளைஞர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆயினும் கணக்கு முடியவில்லை. புதிய அட்டை தொடக்கத்திலிருந்தே வட்டுகளைக் காணவில்லை. அப்படியானால் 11:40 முதல் 1:40 வரை வேலை நடந்தது 'ஆ' வலை வழியாக. அது ஏன் 1:40க்குக் கைவிட்டது? அதனை ஒருவரும் தொடவில்லையே!

நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம். 'ஆ' வலைத் துளையில் சிதைந்து வந்த செய்திச் சட்டங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தது. பக்கத்துத் துளைகளில் பூச்சியம். அந்தத் துளையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பச்சை விளக்கைக் கண்டு நம்பிவிடலாகாது. ஒளி வருகிறது என்பதைத்தான் அது சொல்லும், வரும் சொல் தெளிவாக இருக்கிறதா என்பதைச் சொல்லாது. 16 கிகாபிட் வேகத்து இணைப்பில், லட்சம் கோடி பிட்டுகளுக்கு ஒரு பிழைக்கு மேல் நேரக்கூடாது என்பது இத்தொழில்நுட்பத்தின் விதி. அவ்வளவு கடுமை ஏனென்றால், சிதைந்த ஒரு சட்டத்தை வலை தானாக மறுபடி அனுப்புவதில்லை. விடை வரவில்லையே என்று சர்வர் காத்திருக்கும். 30 விநாடியோ 60 விநாடியோ கழிந்த பின்னர்தான் ஏதோ தவறென்று உணர்ந்து மீண்டும் கேட்கும். ஆகையால் விநாடிக்குள் மறைந்த ஒரு சிறு பிழை, நிரலை நிமிடக்கணக்கில் உறையச் செய்துவிடும். இப்படிப் பலமுறை நேர்ந்தால் அந்த வழியே கெட்டதென்று சர்வர் தள்ளிவிடும். நான்கு வழிகள் இருந்தவரை மற்ற இரண்டும் சுமையைத் தாங்கிக் குறையை மறைத்தன. அன்றிரவு இருந்தது இரண்டே. அவ்விரண்டும் அதே இழை வழியாக. பகலில் சேர்ந்த படங்களையெல்லாம் ஒழுங்குபடுத்தி எழுதும் வேலை வேறு 1:30க்குத் தொடங்கியது. பாரம் ஏறியதும் இடிந்தது.

அடுத்து ஒளியின் வலிமையைப் பார்த்தோம். இதனை டெசிபல் கணக்கில் அளப்பர். மூன்று குறைந்தால் வலிமை பாதியாகிவிட்டது என்று பொருள். பக்கத்துத் துளைகளில் −3 அளவில் வந்துகொண்டிருந்த ஒளி, அந்தத் துளையில் −11.4 என்று காட்டியது. ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு! சர்வரிலிருந்து ஸ்விட்சுக்கு வரும் இழையில் எங்கோ அடைப்பு. இடையிலுள்ள இணைப்புப் பலகையில் கேபிளைக் கழற்றி, அதன் முனையை அதற்கென உள்ள நுண்ணோக்கியில் வைத்தோம். திரையில் நிலவு போல் வட்டமாகத் தெரிய வேண்டிய கண்ணாடி முகத்தின் நடுவே, எண்ணெய்க் கறை ஒன்று படிந்து, அதில் தூசும் ஒட்டியிருந்தது. எப்போதோ எவருடைய விரலோ பட்ட அடையாளம். துடைப்பதற்கென்றே பேனா வடிவில் ஒரு கருவி உண்டு. அதனால் இருமுறை துடைத்து, மறுபடி நோக்கி, தெளிந்தது கண்டு செருகினோம். −3.1. அதன்பின் விடியும்வரை பிழைக் கணக்கு ஓர் எண்கூட ஏறவில்லை.

எல்லா இரவுகளிலும் காரணம் இவை இரண்டேயாக இருப்பதில்லை. போகும் இழையையும் வரும் இழையையும் மாற்றிச் செருகி, இருபுறமும் பேசுவோரேயாய்க் கேட்பவர் இல்லாமற்போன இரவும் உண்டு. 32 கிகாபிட் ஒளிச்செருகி 16க்கும் 8க்கும் இறங்கிவரும், 4க்கு இறங்காது என்பதை அறியாமல் பழைய நாடாப் பெட்டியோடு போராடிய இரவும் உண்டு. ஒரே எண் தாங்கிய இரண்டு ஸ்விட்சுகளை இணைத்துவிட்டு, அவை ஏன் ஒன்றோடொன்று முகம் கொடுக்கவில்லை என்று விழித்தவர்களையும் கண்டிருக்கிறோம். அவற்றையெல்லாம் சொல்லப் புகுந்தால் இதழ் போதாது.

காலை பத்து மணிக்கு விசாரணைக் கூட்டம். நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. மேலதிகாரி அறிக்கையை முன்னதாகவே எழுதிக்கொண்டு வந்திருந்தார். "அட்டை மாற்றியவரின் கவனக்குறைவால் நேர்ந்தது" என்பது அதன் முதல் வரி. அந்த வரி ஒப்பந்த நிறுவனத்துக்குச் சென்றால் அடுத்த வாரமே இளைஞர் திருநெல்வேலி ரயிலில் இருப்பார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதிகாரி கொடியவர் அல்லர். மருத்துவமனைக்கு நண்பகலுக்குள் விடை சொல்லியாக வேண்டிய நெருக்கடியில், கைக்கெட்டியவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டார். ஊர்விட்டு வந்தவர், ஒப்பந்தக்காரர், இந்தி இன்னும் சரளமாக வராதவர். இப்படிப்பட்டவர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார்.

நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்தோம். இளைஞருக்குக் கொடுக்கப்பட்ட பணிச்சீட்டையும் அருகில் வைத்தோம். அதில் நான்கு வரிகள்: நிறுத்துக, கழற்றுக, செருகுக, கேபிளை இணைக்க. பெயர் மாறும் என்றோ சோனில் திருத்துக என்றோ ஒரு சொல் இல்லை. அந்தத் திருத்தத்தைச் செய்வதற்கு அவருக்கு உரிமையும் இல்லை. அது வேறொரு நகரத்தில் உள்ள குழுவின் வேலை. அவர்களுக்குச் செய்தியே போகவில்லை. அடுத்ததாக, ஸ்விட்சின் நிகழ்ச்சிப் பதிவேட்டிலிருந்து எடுத்த பக்கத்தைக் காட்டினோம். 'ஆ' வலைத் துளையில் பிழைகள் வரம்பு மீறியதாக எழுந்த முதல் எச்சரிக்கை, மார்ச் மாதம் அடுக்குகளை இடம் மாற்றிய வாரத்தில் பதிவாகியிருந்தது. அவ்வெச்சரிக்கைகள் போய்ச் சேர்ந்த மின்னஞ்சல் முகவரி, வேலையை விட்டுச் சென்றுவிட்ட ஒருவருடையது.

"இவர் எந்த மாதம் சேர்ந்தார்?" என்று ஒப்பந்த நிறுவனத்தாரைப் பார்த்து எங்களுள் மூத்தவர் கேட்டார்.

"மே" என்றார்கள்.

அறையில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அதிகாரி தம் பேனாவை எடுத்து, முதல் வரியைத் தாமே அடித்துவிட்டு, அவ்விடத்தில் இரண்டு காரணங்களையும் எழுதினார். அதற்காக அவரை மதிக்கிறோம். எல்லோரும் அவ்வாறு செய்வதில்லை.

நம் வீடுகளிலிருந்து இவ்வேலைக்குப் புதிதாகச் செல்லும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். பழைய அட்டையின் பெயரையும் புதிய அட்டையின் பெயரையும் பணி தொடங்குமுன்னரே ஒரு தாளில் எழுதி, இன்னார் சோனைத் திருத்துவார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே திருப்புளியைக் கையில் எடுங்கள். முடித்ததும், வட்டு தெரிகிறதா என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை வழிகளில் தெரிகிறது என்று கேளுங்கள். பணிச்சீட்டில் இல்லாவிட்டாலும் கேளுங்கள். கேட்பதற்கு எவருடைய இசைவும் வேண்டியதில்லை. இழையின் முனையைச் செருகுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் நுண்ணோக்கியில் பாருங்கள், அது உறையிலிருந்து அப்போதுதான் எடுத்த புதிய கேபிளாக இருந்தாலும்.

அம்மாதக் கடைசியில் எங்கள் மையத்துப் பணிச்சீட்டு மாறியது. நான்கு வரிகள் ஏழாயின. பழைய பெயர், புதிய பெயர், வழிகளின் எண்ணிக்கை என்று மூன்று கட்டங்கள் சேர்க்கப்பட்டன. மூன்றாம் கட்டத்தில் மாற்றத்துக்கு முன், மாற்றத்துக்குப் பின் என இரண்டு எண்களும் எழுதினாலொழியச் சீட்டு முடிவுறாது. எச்சரிக்கைகள் இப்போது எங்கள் இரவுப் பணியறைக்கே வருகின்றன. இளைஞரின் ஒப்பந்தம் அக்டோபரில் மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. தீபாவளிக்கு ஊர் சென்று திரும்பியபோது தாயார் கொடுத்தனுப்பிய கருப்பட்டி மிட்டாய் ஒரு பொட்டலம் கொண்டு வந்து தந்தார். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கி வைத்திருந்தார். அதன் முதற்பக்கத்தில், தாம் அன்றிரவு செருகிய அட்டையின் பதினாறு இலக்கங்களும் எழுதப்பட்டிருந்தன.